முள்ளுக்காட்டைப் பார்க்கக் கற்றுத் தந்தவர்

தாம்பரம் ரயில் நிலையத்தில் கிழக்குப் பக்கமாக இறங்கினால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் வந்துவிடும். நகரத்துக்குள் இருந்த அந்தக் கல்லூரி 1937-இல் இங்கே இடம் மாறியது. அப்போது அதற்குக் கிடைத்த நிலம் சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி. இன்றைக்கும் அந்த 365 ஏக்கருக்குள் பழைய புதர்க்காட்டின் மிச்சம் இருக்கிறது. அங்கிருந்து வேளச்சேரி சாலையில் போனால் மேடவாக்கத்தை அடுத்து நன்மங்கலம் காப்புக்காடு. தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் போனால் வண்டலூர் காப்புக்காடு. 1985-இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அதற்குள்தான் இருக்கிறது.

பேருந்தில் இந்த இடங்களைக் கடந்து போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முள்ளுக்காடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நிலத்தை நஞ்சை, புஞ்சை, தரிசு என்று பிரித்துப் பார்த்தே பழகிய நம் கண்ணுக்கும் அது தரிசாகத்தான் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. உழவியலில் முனைவர் பட்டம் வாங்கி, சேலையூர்ப் பக்கம் குடிவந்து, பல ஆண்டுகள் அந்தக் காட்டின் ஓரமாகவே போய்வந்த பிறகும் அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒருவருடைய எழுத்தைப் படித்த பிறகே இறங்கி நடந்து பார்க்கத் தோன்றியது. அவர் மா. கிருஷ்ணன். இந்த வாரம் உரம், மருந்து, விலை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அவருடைய கதையைச் சொல்கிறேன். கதையின் முடிவில் உங்கள் வரப்புக்கே திரும்பி வந்துவிடுவோம்.

மயிலாப்பூரில் ஒரு புதர்க்காடு

கிருஷ்ணன் 1912 ஜூன் 30-இல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை அ. மாதவையா, பத்மாவதி சரித்திரம் எழுதியவர், தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களில் ஒருவர். உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் அதிகாரியாக இருந்தவர். பிறகு குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. அன்றைய மயிலாப்பூரை இன்றைய நெரிசலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீடுகளைத் தாண்டினால் புதர்களும் வெட்டவெளியும்தான். நரி ஊளையிடும். பறவைகளுக்குக் கணக்கே இல்லை. அந்தப் பையன் அவற்றுக்கு நடுவே வளர்ந்தான்.

1925-இல் தந்தை இறந்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டியான அவரை அக்கா வளர்த்து ஆளாக்கினார். மாநிலக் கல்லூரியில் படித்தபோது பி.எஃப். ஃபைசன் என்ற தாவரவியல் பேராசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். தென்னிந்திய மலைத் தாவரங்களைப் பற்றி எழுதிய அறிஞர் அவர். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி பார்க்கப் போகும்போது கிருஷ்ணனையும் உடன் அழைத்துப் போனார். பேராசிரியரின் மனைவி அவருக்கு நீர்வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு இலையை வரைய வேண்டுமென்றால் அதைச் சரியாகப் பார்த்தே ஆகவேண்டும். விளிம்பு பல் பல்லாக இருக்கிறதா, காம்பு எங்கே சேர்கிறது, நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண் தேடும். ஒரு செடியைப் பத்து நிமிடம் பார்க்கும் பழக்கம் அவருக்கு அப்படி வந்தது. நம்மில் பலர் சொந்த வயலின் பயிரைக்கூடப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பார்ப்பதில்லை.

சண்டூரில் ஆடு மேய்த்த நீதிபதி

சட்டமும் படித்தார். ஆனால் வக்கீல் தொழில் அவருக்குப் பிடிபடவில்லை. அச்சகம், வானொலி என்று சில இடங்களில் வேலை பார்த்தார். 1942-இல் சண்டூர் என்ற சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. கர்நாடகத்தில் பல்லாரிக்கு அருகே இரும்புத்தாது மலைகள் சூழ்ந்த ஊர் அது. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார். நீதிபதியாக இருந்தார். விளம்பர அதிகாரி, மன்னரின் செயலர் என்றும் பொறுப்புகள் பார்த்தார்.

வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் மலையடிவாரத்துப் புதர்களில் நடப்பார். செம்மறியாடு மேய்த்துப் பார்த்தார். கடிதம் கொண்டுபோகும் தபால் புறாக்களை வளர்த்தார். ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறவனுக்கு எந்தப் புதரில் எந்த மாதம் தளிர் வரும், எந்தச் செடியை ஆடு முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போகும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கீதாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். படித்த உத்தியோகஸ்தர் ஒருவர் அந்தப் படிப்பையும் தேடிப் போய்ப் படித்தார் என்பதுதான் இதில் விசேஷம்.

1949-இல் சண்டூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நிரந்தர உத்தியோகம் என்று எதிலும் அவர் சேரவில்லை. எழுத்து, படம் வரைதல், புகைப்படம் இவற்றை வைத்தே கடைசிவரை பிழைத்தார். அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சலான முடிவு என்பதை, மாதச் சம்பளம் இல்லாமல் குடும்பம் நடத்தும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாற்பத்தாறு ஆண்டுகள், ஒரே பத்தி

1950-இல் கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். பெரும்பாலும் படமும் அவரே வரைவார். 1996 பிப்ரவரி 18-இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள், அந்தப் பத்தி வந்துகொண்டிருந்தது.

அவ்வளவு காலம் எழுத விஷயம் எங்கிருந்து கிடைத்தது? யானையும் புலியும் மட்டும் என்றால் சில ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். காகம், அணில், ஆடு, தெருநாய், வீட்டுக்குப் பின்னால் கூவும் குயில் என்று எல்லோர் கண்ணிலும் தினமும் படுகிறவற்றைப் பற்றித்தான் நிறைய எழுதினார். எல்லோருக்கும் தெரிந்த காகத்தைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்றை அவரால் சொல்ல முடிந்தது. காரணம், அவர் சும்மா கடந்து போகவில்லை, நின்று பார்த்தார். தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாகக் கொண்டுவந்திருக்கிறார். உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பெரிய காடுகளையும் அவர் விடவில்லை. 1968-இல் நேரு பெயரிலான ஆய்வு நல்கை கிடைத்தபோது, தீபகற்ப இந்தியாவின் காடுகளில் அலைந்து பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பார். தான் பார்க்காததை எழுதமாட்டார். பார்த்ததைக் கூட்டியும் சொல்லமாட்டார்.

வெறுமனே விடுவதும் ஒரு வேலை

கிருஷ்ணன் விடாமல் சொல்லிவந்த கருத்து ஒன்று உண்டு. ஒரு நாட்டின் அடையாளம் அதன் கட்டடங்களில் மட்டும் இல்லை, அந்த மண்ணுக்கே உரிய செடிகொடிகளிலும் உயிரினங்களிலும் இருக்கிறது என்பது அவர் எண்ணம். அழகுக்காகவும் வேகமாக வளரும் என்பதற்காகவும் வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நிரப்புவதை அவர் கடுமையாக எதிர்த்தார். புதர்க்காட்டை வெறும் நிலம் என்று நினைத்து, அதைச் சுத்தம் செய்து மரம் நடுவதை வளர்ச்சி என்று கொண்டாடிய காலம் அது. காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் வெட்டாமல், கொளுத்தாமல், கண்டதையும் நடாமல் விட்டாலே போதும், காடு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றார். பலர் கேட்கவில்லை. அவரும் விடவில்லை.

அவர் சொன்னது சரியா என்று பார்க்க நன்மங்கலத்துக்கோ கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்கோ உரிய அனுமதியோடு போய்ப் பாருங்கள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இந்த வகைக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்கிறோம். மழை குறைவு, வெயில் அதிகம், மண் ஆழமில்லை. ஆனாலும் ஆண்டு முழுக்க இலை இருக்கும். களா, காரை, சூரை, காயா, பிரண்டை, காட்டெலுமிச்சை என்று தடித்த இலையும் முள்ளுமாக நிற்கும் இந்தச் செடிகள், ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காமல் வாழக் கற்றவை. மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகின்றன. நன்மங்கலத்துப் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அதன் முக்கிய உணவு எலி. தரிசு என்று நாம் பெயர் வைத்த இடத்தில் நமக்காக இரவுக் காவல் நடக்கிறது.

தாம்பரம், மேடவாக்கம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஏரிப்பாசன வயல்கள். இன்று வயலும் போய்விட்டது, ஏரிகளும் சுருங்கிவிட்டன. வேலி போட்டுக் காத்த காடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. தரிசு என்று எழுதப்பட்ட நிலம்தான் முதலில் பறிபோகும். பெயர் தெரியாத செடிக்காக யாரும் வழக்குப் போடமாட்டார்கள். உங்கள் ஊர் மந்தைவெளியும் ஏரிக்கரையும் புறம்போக்குப் புதரும் இதே வரிசையில்தான் நிற்கின்றன.

வேடந்தாங்கல் விவசாயிகள்

கிருஷ்ணன் பல பருவங்கள் போய்ப் பார்த்து எழுதிய இடங்களில் மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலும் ஒன்று. அந்த ஏரியைக் காப்பாற்றியவர்கள் யார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் ஆட்சியரிடம் போய் முறையிட்டு, பறவைகளைத் தொடக்கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவு வாங்கினார்கள். அவர்கள் எல்லோரும் விவசாயிகள்.

வெறும் இரக்கத்தால் மட்டும் அவர்கள் அதைச் செய்யவில்லை. ஏரிக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் கொக்கும் வக்காவும் ஆயிரக்கணக்கில் கூடுகட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்தத் தண்ணீர் பாயும் வயலில் பயிர் செழிப்பதை அவர்கள் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மண் பரிசோதனைக்கூடம் இல்லாத காலத்தில் நடந்த கண்டுபிடிப்பு இது. பல தலைமுறைகள் ஒரே ஏரியைக் கவனித்ததால் கிடைத்தது. இன்றும் பறவைகளுக்காக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

நான் இறங்காத வயல்

இப்போது என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நெல் வயலுக்குப் போனேன். வரப்பில் நின்றபடியே இலைச்சுருட்டுப்புழு தெரிகிறது என்று ஒரு மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். வயலுக்குச் சொந்தக்காரர் வயதில் பெரியவர். சீட்டைப் பணிவாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் உள்ளே வரும்படி கூப்பிட்டார். தூர்களை விலக்கிக் காட்டினார். அடியில் சிலந்திகள். மேலே ஊசித்தட்டான்கள். இலையில் பொறிவண்டு. பக்கத்துக் குச்சியில் கரிச்சான் குருவி உட்கார்ந்து, பறந்து, பூச்சியைக் கவ்விக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தது. இவையெல்லாம் இருக்கும்போது மருந்து எதற்கு என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தூர் கட்டும் பருவத்தில் இலைச் சேதத்தைப் பயிர் பெருமளவு ஈடுகட்டிவிடும் என்பது நான் தேர்வில் எழுதிய விடைதான். இறங்கிப் பார்க்காததால் அது எனக்கு அந்த நேரத்தில் உதவவில்லை.

இதே பாடத்தை ஒரு நாடே கற்றது. இந்தோனேசியாவில் கண்மூடித்தனமாக மருந்தடித்ததில் சிலந்திகள் அழிந்து, புகையான் பெருகி நெல்லை எரித்தது. 1986-இல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. அங்கே முக்கியமான பாடம், வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, தீமை செய்யும் பூச்சியையும் நன்மை செய்யும் பூச்சியையும் எண்ணி, பார்த்ததைப் படமாக வரைவது. கிருஷ்ணன் நீர்வண்ணத்தில் கற்ற அதே வித்தைதான்.

நடந்தால் என்ன கிடைக்கும்?

நாள் முழுக்க வயலில் நிற்கிற எங்களுக்குத் தனியாக ஒரு நடை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வயலில் நிற்கும்போது நம் மனம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆள் கூலி, மோட்டார், வங்கித் தவணை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது.

ஜப்பானில் 1982-இல் அரசின் வனத்துறையே காட்டு நடையை மக்களுக்குப் பரிந்துரைத்தது. வனக்குளியல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அப்படி நடந்தவர்களுக்கு ரத்த அழுத்தமும், மன இறுக்கத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் சுரப்பும் சற்றுக் குறைவதைப் பிறகு நடந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் கிருஷ்ணன் மன அமைதியைத் தேடிக் காட்டுக்குப் போனதாக அவர் எழுத்தில் தெரியாது. அவர் பார்க்கப் போனார். ஒரு பறவை எந்தக் கிளையில் உட்காருகிறது, எதைத் தின்கிறது என்று கவனிக்கும்போது வேறு நினைப்புக்கு இடமில்லாமல் போகிறது. அமைதி தானாக வருகிறது. என் அனுபவமும் அதுதான். கடனை நடை தீர்க்காது. அப்படி நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் கடனைப் பற்றி நினைக்காத இருபது நிமிடம் ஒரு நாளில் கிடைத்தால், அடுத்த முடிவைப் பதற்றமில்லாமல் எடுக்கலாம்.

எப்படித் தொடங்குவது?

தொலைவில் எங்கும் போக வேண்டாம். உங்கள் வரப்பு, வேலியோரம், ஏரிக்கரை, கோயில்காடு, ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், விடிந்ததும் இருபது நிமிடம் போதும். கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். எப்போதும் அதே வழியில் நடங்கள். வழி மாறாமல் இருந்தால்தான் மாற்றம் கண்ணில் படும்.

மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். புதிதாகப் பூத்த அல்லது தளிர்விட்ட ஒரு செடி, ஒரு பறவையின் நடவடிக்கை, மண்ணில் ஒரு மாற்றம். வந்ததும் பிள்ளையின் பழைய நோட்டில் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள். ஊரில் வழங்கும் பெயரையே எழுதுங்கள். முடிந்தால் பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஓராண்டு முடியும்போது அந்த நோட்டு உங்கள் ஊருக்கு மட்டுமே பொருந்தும் பயிர் நாட்காட்டியாக இருக்கும். எந்தப் பல்கலைக்கழகத்தாலும் அதை உங்களுக்கு எழுதித்தர முடியாது.

விரிவாக்கப் பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வயலுக்குப் போனதும் வாயைத் திறப்பதற்கு முன் கால் மணி நேரம் வயலுக்குள் நடந்து பாருங்கள். குறைந்தது ஐந்து இடங்களில் குனிந்து தூரை விலக்கிப் பாருங்கள். விவசாயி என்ன பார்த்தார் என்று முதலில் கேளுங்கள். பரிந்துரைச் சீட்டு அதற்குப் பிறகு வரட்டும்.

உடையவன் பாராத பயிர் பாழ் என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. கிருஷ்ணனுக்குச் சொந்தமாகக் காடு எதுவும் இல்லை. ஆனால் யாருடையதும் அல்லாத புதரையும் காக்கையையும் 46 ஆண்டுகள் உடையவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக் காலை வரப்புக்குப் போகும்போது, மோட்டார் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், வேலியில் நிற்கும் ஏதாவது ஒரு செடியின் அருகே கொஞ்சம் நில்லுங்கள். அதன் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள்.